‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்பது ஒரு பதிலா?

மருத்துவமனைப் படுக்கையில் நாளை எண்ணிக்கொண்டு கிடக்கும் ஒருவர் ‘என்னைக் கொன்னுடுங்க’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? சமூகப் பணியாளர்களாக அரசு மருத்துவமனை வார்டுகளில் ஏறி இறங்கும் எங்களுக்கு அந்தப் பதில்கள் மனப்பாடம். “ஏம்மா இப்படிப் பேசுற, சாமிய வேண்டிக்கோ.” “இப்படிப் பேசுனா போலீஸ் கேஸாயிடும், பாத்துக்க.” “அதெல்லாம் சரியாப் போயிடும்.” கொஞ்சம் படித்த பதில் என்றால், “சைக்கியாட்ரி ஒப்பீனியன் வாங்கிடலாம்.” எல்லாம் சொல்லி முடித்தபின் கடைசியாக ஒரு பதில் வரும். அது நோயாளியிடம் சொல்லப்படாது. மகனையோ மகளையோ வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லுவார்கள்: “இனி பண்றதுக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பாத்துக்கோங்க.”

கேட்பதற்கு அக்கறை போலத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வீட்டுக்கு? எங்கள் பகுதியில் அது கூரை ஒழுகும் ஒற்றை அறைத் தொகுப்பு வீடு. எதை வைத்துப் பார்த்துக்கொள்வது? பாராசிட்டமால் அட்டை ஒன்று, சத்து மாத்திரை அட்டை ஒன்று. யார் பார்த்துக்கொள்வது? பார்த்துக்கொள்ள உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் இருக்கும் மகள். சாகக் கேட்டவருக்கு மருத்துவம் கொடுத்த பதிலின் பெயர் கைவிடுதல். அந்தக் கைவிடுதலுக்கும் சாதி இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

கருணைக்கொலை பற்றிய விவாதம் நம் இயக்கங்களுக்குள் வருவதே இல்லை. ‘அது மேல்தட்டுக்காரர்களின் தத்துவப் பிரச்சினை, நமக்கு வாழ்வதற்கே வழியில்லை’ என்று தோழர்கள் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் இந்தச் சொல் நமக்கு அப்படியொன்றும் அந்நியமானதல்ல. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பட்டா கேட்டு, பாதை கேட்டு அலைந்து ஓய்ந்தவர்கள் ‘எங்களைக் கருணைக்கொலை செய்துவிடுங்கள்’ என்று மனு எழுதி எடுத்துவருகிறார்கள். ரோகித் வெமுலா 2015 டிசம்பரில் துணைவேந்தருக்கு எழுதிய கடிதத்தில், தன்னைப் போன்ற மாணவர்களுக்குக் கருணைக்கொலைக்கு ஏற்பாடு செய்யும்படி கேட்டிருந்தார். அடுத்த மாதமே, 2016 ஜனவரி 17இல், அவரை இழந்தோம். புற்று முற்றிய ஒருவர் கேட்பதும் இவர்கள் கேட்டதும் ஒன்றல்ல; குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் சாவைக் கேட்கும் சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு இருக்கலாம் என்பதை நாம் அறிவோம். அதிகாரத்தில் இருப்பவர்கள் அந்தக் குற்றச்சாட்டைக் காதில் வாங்கமாட்டார்கள் என்பதும் நமக்குப் புதிதல்ல. வார்டிலும் அதுதான் நடக்கிறது.

ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறோம். பெயர், ஊர், மருத்துவமனை எதுவும் வேண்டாம். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வாழ்நாள் முழுக்க நடவு, களையெடுப்பு. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம். கன்னத்தில் புற்று வந்து, தோலை உடைத்து வெளியே வந்துவிட்டது. நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்துப் படுக்கைக்காரர்கள் புகார் சொல்ல, வராந்தாக் கோடியில் கட்டிலைப் போட்டார்கள். கட்டு மாற்றும் நேரத்தில் பஞ்சும் துணியும் மகள் கையில் கொடுக்கப்படும், “நீயே கட்டிவிட்டுரு” என்று. யாரும் அவர் சாதியைக் கேட்கவில்லையே என்பீர்கள். கேட்கத் தேவையில்லை. ‘காலனி’ என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், நல்லது. ஆனால் வார்டில் ‘எந்த ஊரு, எந்தத் தெரு’ என்ற இரண்டு கேள்வியில் வேலை முடிந்துவிடுகிறது.

அந்த அம்மா சாகக் கேட்டது டாக்டரிடம் அல்ல. இரவு டூட்டியில் தரை துடைக்க வந்த தூய்மைப் பணியாளரிடம்தான் கேட்டார். “தாயி, டாக்டரு கிட்ட சொல்லி ஒரு ஊசி போடச் சொல்லு. நிம்மதியாப் போயிருதேன்.” அந்தப் பெண்ணும் நம் தெருக்காரர்தான். “அதெல்லாம் நான் சொல்ல முடியுமா பெரியம்மா” என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் எங்களிடம் சொன்னது அவர்தான்.

இதை நாங்கள் பல வார்டுகளில் பார்த்துவிட்டோம். மரணம் பற்றிய பேச்சு மருத்துவமனையின் அடித்தட்டில்தான் நடக்கிறது. ஆயாவிடம், தூய்மைப் பணியாளரிடம், சில நேரம் இரவு சிஸ்டரிடம். காலை ரவுண்ட்ஸில் படுக்கைக்கு ஓரிரு நிமிடம் நிற்கும் டாக்டரிடம், பத்து மாணவர்கள் சூழ நிற்கும்போது, யார் போய் ‘சாகணும் சார்’ என்று சொல்வார்கள்? கேட்டவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் சொல்லைக் கேஸ் ஷீட்டில் எழுத இடமில்லை. சொன்னால் ‘உனக்கெதுக்கு இந்த வேலை’ என்று சூப்பர்வைசர் திட்டுவார். மலமும் சீழும் துடைக்கும் கைகளுக்குத்தான் அந்த நோயாளியைப் பற்றி அதிகம் தெரியும். அந்தக் கைகள் பெரும்பாலும் யாருடைய கைகள் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சை பற்றிய எந்தப் பேச்சிலும் அவர்களுக்கு நாற்காலி கிடையாது.

நாங்கள் விஷயத்தைக் கொண்டுபோனபோது டூட்டி டாக்டர் கோபப்படவில்லை. இளைஞர், களைத்திருந்தார், நல்லவர் என்றே தோன்றியது. “டிப்ரஷன் இருக்கும், ரெஃபர் பண்றேன்” என்றார். மனநல மருத்துவர் வருவதற்குள் டிஸ்சார்ஜ் எழுதப்பட்டுவிட்டது.

மனச்சோர்வு என்பது பொய்யல்ல. கனடாவில் ஹார்வி சோச்சினாவும் அவர் குழுவினரும் மரணத்தை நெருங்கிய 200 நோயாளிகளிடம் பேசி 1995இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் சுட்டுவது. அவர்களில் 44.5 விழுக்காட்டினர் ‘சீக்கிரம் போய்விட்டால் தேவலை’ என்று எப்போதாவது நினைத்திருக்கிறார்கள். விடாமல், தீவிரமாகச் சாவை விரும்பியவர்கள் 8.5 விழுக்காடு. அந்தத் தீவிர விருப்பம் உள்ளவர்களில் 58.8 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. மற்றவர்களில் அது 7.7தான். வலியும், குடும்ப ஆதரவு குறைவாக இருப்பதும்கூட அந்த விருப்பத்தோடு சேர்ந்து வந்தன. தீவிரமாகக் கேட்டவர்களில் ஆறு பேரை இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க முடிந்தது. நான்கு பேரிடம் விருப்பம் குறைந்திருந்தது. சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட வேண்டாம். ஆனாலும், ‘கொன்னுடுங்க’ என்பது கல்லில் வெட்டிய முடிவல்ல, அதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றை மாற்ற முடியும் என்ற அளவுக்கு அது சொல்கிறது.

அந்த அம்மாவின் காரணங்களை நாங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். பெரிய உளவியல் நுட்பம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ‘எதுக்காக அப்படிக் கேட்டீங்க’ என்றோம். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் வலி மண்டையைப் பிளக்கிறது. நாற்றத்தால் பேரன் கிட்டே வர மாட்டேன் என்கிறான். மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு வாராவாரம் ஆள் வருகிறார்கள், மகள் வேலைக்குப் போகவில்லை. “நான் போனாத்தான் அது வேலைக்குப் போகும்.” இது மன நோயா? ஒரு கூலித் தொழிலாளி தன் சாவை வைத்துப் போட்ட கணக்கு அது. ‘பாரமாக இருக்கிறேன்’ என்ற சொல்லைப் புத்தகங்கள் உளவியல் அத்தியாயத்தில் வைக்கின்றன. எங்கள் தெருக்களில் அதற்கு வாரத் தவணை எவ்வளவு என்ற தொகையும் உண்டு.

நாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோனிடசோல் என்ற மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் அது பெருமளவு அடங்கும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கும் மலிவான மாத்திரை. அந்த அம்மா வார்டில் கிடந்த நாட்களில் யாரும் அதைச் செய்யவில்லை, மகளுக்குச் சொல்லித் தரவும் இல்லை. புண்ணைத் தொட்டால்தானே அதைப் பற்றி யோசிக்கத் தோன்றும். அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ நூலில் கத்தியவாரில் நடந்த ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். பிரசவத்துக்குப் பின் காய்ச்சலில் கிடந்த தலித் ஆசிரியரின் மனைவியைப் பார்க்க வந்த மருத்துவர், தெர்மாமீட்டரைத் தன் கையால் கொடுக்க மாட்டார். ஒரு முஸ்லிம் கையில் கொடுத்து, அவர் கணவரிடம் கொடுத்து, கணவர் மனைவியிடம் கொடுத்தார். அந்தப் பெண் இறந்துபோனார். அந்தக் கடிதம் ‘யங் இந்தியா’வில் அச்சானது 1929இல். இன்று கையுறை இருக்கிறது, ஆனாலும் பஞ்சு மகள் கைக்குத்தான் போகிறது.

அடுத்தது வலி. புற்றுநோயின் கடும் வலிக்கு வாய்வழி மார்பின் உலகம் முழுக்க ஏற்கப்பட்ட மருந்து. உலக சுகாதார நிறுவனம் 1986லேயே அதற்கான படிநிலையை வெளியிட்டுவிட்டது. விலையும் மலிவு. இந்தியா சட்டப்படி அபினி விளைவிக்கும் நாடு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச வயல்களில் விளைகிறது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசே ஆலை நடத்துகிறது. ஆனால் 2017இல் வெளிவந்த லான்செட் ஆணைய அறிக்கையின் கணக்குப்படி, இந்திய நோயாளிகளின் வலி நிவாரணத் தேவையில் சுமார் 4 விழுக்காட்டுக்குத்தான் ஓபியாய்டு மருந்து கிடைக்கிறது. நம் மண்ணில் விளைவது நம் நோயாளிக்கு ஏன் கிடைக்கவில்லை? 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டம் ஏகப்பட்ட உரிமங்களைக் கேட்டது. மருந்துக்கடைகள் பயந்து ஒதுங்கின. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்பினைக் கையில் தொடாமலே படித்து முடித்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் வாங்கி வைத்துத் தரலாம் என்று எளிதாக்கினார்கள். சட்டம் திருந்திவிட்டது. “மார்பின் குடுத்தா அடிமையாயிடுவாங்க” என்ற பேச்சுதான் திருந்தவில்லை. இரண்டு மாதத்தில் சாகப் போகிறவர் அடிமையாகிவிடுவார் என்று கவலைப்படுகிறவர்களிடம் என்ன பேசுவது?

சட்டம் என்று வந்ததால் இன்னொன்றையும் பேசிவிடுவோம். முதலில் அந்தப் ‘போலீஸ் கேஸ்’ மிரட்டல் வெறும் பொய். சாக வேண்டும் என்று சொல்வது குற்றமே அல்ல. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு.

கருணைக்கொலை பற்றி நம் நீதிமன்றங்கள் நிறையவே பேசிவிட்டன. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதே மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். அவர் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு உணவை நிறுத்த மறுத்தாலும், உயிர்காக்கும் கருவிகளை விலக்கிக்கொள்ள வழிமுறை ஒன்றை வகுத்தது. சக செவிலியர்கள் 2015இல் அவர் இறக்கும்வரை பார்த்துக்கொண்டார்கள். 2018 மார்ச் 9இல், காமன் காஸ் வழக்கில், கண்ணியத்தோடு இறக்கும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்றது ஐந்து நீதிபதிகள் அமர்வு. நினைவு தப்பும் நிலை வந்தால் எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம், குழாய் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2023இல் அந்த நடைமுறையைக் கொஞ்சம் எளிதாக்கினார்கள்: மாஜிஸ்திரேட்டுக்குப் பதிலாக நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ கையெழுத்திட்டால் போதும். சாதிச் சான்றிதழுக்கு அலைந்த நமக்குக் கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்து என்றால் என்னவென்று தெரியும்!

இந்த உரிமையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. வேண்டாத சிகிச்சையை மறுப்பது நம் மக்களுக்கும் உரிமைதான். ஆனால் எங்கள் கேள்வி அதற்கும் முன்னால் இருப்பது. தனக்கு என்ன நோய் என்றே சொல்லப்படாதவர் எதை எழுதி வைப்பார்? அந்த அம்மாவிடம் ‘கட்டி’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். ‘அவங்ககிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க’ என்று மகனும் டாக்டரும் பேசி முடித்துக்கொள்வதுதான் வழக்கம். அவருக்குத் தெரியாமலா ஊசி கேட்டார்?

தனியார் மருத்துவமனைகளில் இது வேறு மாதிரி நடக்கும். பணம் இருக்கும்வரை ஐ.சி.யூ., நோயாளி கையெடுத்துக் கும்பிட்டு ‘விட்டுடுங்க’ என்றாலும் விட மாட்டார்கள். நகையும் நிலமும் தீர்ந்த அன்று, ‘எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம்’ என்று ஒரு தாளில் கைநாட்டு. எந்த மருத்துவ வாரியமும் கூடாமல், எந்த நீதிமன்ற வழிமுறையும் இல்லாமல், ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பி நடக்கும் இந்தச் சாவுக்கு யாரும் கருணைக்கொலை என்று பெயர் வைப்பதில்லை.

‘அப்படியானால் கேட்பவருக்கு ஊசி போட்டுவிடலாமே, நெதர்லாந்தில் இல்லையா, கனடாவில் இல்லையா’ என்று மாணவத் தோழர்கள் சிலர் கேட்டார்கள். அந்த நாடுகளின் விவாதத்தைப் படியுங்கள். கனடா 2021இல் மரணம் அருகில் இல்லாதவர்களுக்கும் அதை விரிவுபடுத்தியபோது கடுமையாக எதிர்த்தவர்கள் மாற்றுத்திறனாளி அமைப்புகள். வாழ வீடும் உதவியும் தராமல் சாக மட்டும் உதவுவீர்களா என்று அவர்கள் கேட்டார்கள். நமக்கு அதைவிட அருகில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. விருதுநகர், மதுரை வட்டாரங்களில் ‘தலைக்கூத்தல்’ என்று ஒரு வழக்கம் உண்டு. படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய்க் குளியலும் இளநீருமாக ‘அனுப்பி வைப்பது’. அதை அன்பு என்றே சொல்லிக்கொள்வார்கள். பாரம் என்று உணர வைக்கப்பட்ட ஒருவரின் ‘சம்மதம்’ எவ்வளவு சம்மதம்? மார்பின் கிடைக்காத ஊரில், படுக்கையை வராந்தாவுக்குத் தள்ளும் ஊரில், ஊசியை மட்டும் சட்டமாக்கினால் அது முதலில் யார் கையில் ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் இன்றைய நிலையில் நாங்கள் அதை ஆதரிக்கவில்லை. வலியும் நாற்றமும் கடனும் தீர்ந்தபின்னும் ‘போதும்’ என்று சொல்பவர்கள் இருப்பார்கள், இருக்கிறார்கள். அவர்களிடம் சாமி பெயரைச் சொல்லி வாயடைக்காமல், எதை நிறுத்தலாம், எப்படி வலியில்லாமல் தூங்க வைக்கலாம் என்று நேராகப் பேசும் மருத்துவர் வேண்டும்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. கோழிக்கோட்டில் 1993இல் ஓர் அறையில் சில மருத்துவர்கள் தொடங்கியதுதான். பின்னால் உள்ளூர்த் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போனார்கள். 2008இல் கேரள அரசு கொள்கையாகவே அறிவித்து உள்ளாட்சிகளின் பொறுப்பாக்கியது. நம் மாநிலத்தில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கு வந்து நோய் ஆதரவுச் சிகிச்சை தருவது எழுத்தில் இருக்கிறது. அந்த வண்டி ஊருக்குள் நின்றுவிடுகிறதா, சேரிக்குள்ளும் வருகிறதா என்பதை நம் இளைஞர்கள்தான் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு ஒரு தொண்டு மருத்துவமனை மூலம் மார்பின் கிடைத்தது. மூன்றாம் நாள் இரவு தூங்கினார். நாற்றம் குறைந்ததும் பேரன் வாசல்வரை வந்தான், அப்புறம் கட்டில்வரை வந்தான். கடன் தீரவில்லை, குழுப் பெண்களிடம் பேசித் தவணையைத் தள்ளிப்போட மட்டும்தான் முடிந்தது. சாவைப் பற்றிப் பேசுவதை அவர் நிறுத்தவில்லை. ஊசி கேட்பதை நிறுத்தினார். “எப்போ” என்று கேட்டார், “எங்க புதைப்பீங்க” என்று கேட்டார். இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் சரியான பதில் இல்லை; சுடுகாட்டுப் பாதை வழக்கு இன்னும் நடக்கிறது. ஏழு வாரம் கழித்து, மகள் பக்கத்தில் இருக்கும்போது இறந்தார்.

இதை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு ஒரு மனு போடுங்கள். மார்பின் இருப்பு வைக்க அங்கீகாரம் உள்ளதா, கடந்த ஓராண்டில் எத்தனை மாத்திரைகள் எத்தனை நோயாளிகளுக்குத் தரப்பட்டன, நோய் ஆதரவுச் சிகிச்சைக்கென எத்தனை செவிலியர்கள் இருக்கிறார்கள், மக்களைத் தேடி மருத்துவத்தில் இந்தச் சிகிச்சை பெறுவோரின் ஊர்வாரிப் பட்டியலில் நம் குடியிருப்புகள் எத்தனை என்று கேளுங்கள். ஆட்களின் பெயர் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு. வந்த பதிலை, ‘தகவல் இல்லை’ என்று வந்தாலும், எங்களுக்கு அனுப்புங்கள்.